மீன் பெட்டியில் போன மண்கலங்கள்

எல்லையில் சண்டை மூண்ட வாரம், அடையாறில் நான் வேலை பார்த்த சிறிய தொல்பொருள் கூடத்துக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. உடையக்கூடியவற்றையெல்லாம் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும். சென்னை வரைக்கும் குண்டு வராது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். ஆனாலும் முதுமக்கள் தாழிகளும் அவற்றுக்குள் கிடைத்த மண்கலங்களும் என் பொறுப்பு. பெட்டி வாங்க ஒப்புதல் கிடைக்கவே ஒரு மாதம் ஆகும்.

அங்கே பெருக்கித் துடைக்கும் அக்கா நொச்சிக்குப்பத்துக்காரர். வீட்டில் எல்லோருக்கும் மீன் தொழில். என் புலம்பலைக் கேட்டவர், மறுநாள் காலை ஆட்டோ நிறைய தெர்மாகோல் பெட்டிகளோடு வந்து இறங்கினார். எல்லாம் கழுவிக் காயவைத்தவை.

"மீனே நசுங்காம கேரளா வரிக்கும் போவுது மேடம். உன் பானைக்கு இன்னா ஆவப்போவுது?"

உப்பு படாமலிருக்க உள்ளே பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் என் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துப் போட்டேன். இரண்டு நாள் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுற்றினோம். உள்ளங்கையளவு கிண்ணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டார்:

"இது செத்தவங்களுக்கு வச்சதா?"

"ஆமாக்கா. சோறு வச்சிருப்பாங்க."

கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"கடலு ஊட்டுக்குள்ள வந்தப்போ எத தூக்கறதுன்னே தெரியாம ஓடினோம் கண்ணு. எங்கம்மா போட்டோ ஒண்ணுகூட மிஞ்சல. இப்போ நமக்கு டைம் கீது. சுத்து, நல்லா சுத்து."

அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

பெரிய தாழிகள் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. மணல் மூட்டைகளை அணைகொடுத்து இருந்த இடத்திலேயே விட்டோம். மற்றதெல்லாம் கீழே போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் சண்டை நின்றது. திரும்ப மேலே ஏற்றும்போது ஒரு கலத்தின் விளிம்பு பெயர்ந்தது. அதுவும் என் கை தவறித்தான். ஒட்டிவிட்டேன்.

அக்கா பிறகு வேலையை விட்டுவிட்டார். எங்கேயோ ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நாட்களை நினைத்து ஏங்குகிறேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒருவரோடு உட்கார்ந்து வேலை செய்வது எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. போன மாதம் பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாளும் இன்னா பேச்சு பேசினோம், இல்ல?" என்றார்.