மனப்பாடமான அட்டை

ராமதுளசி டாக்டர் இல்லை. ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கோதாவரி இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போகிற பூசலங்கவிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் அவளுக்குக் கண் டாக்டரம்மா என்று பெயர். அவள் பார்ப்பது கண் மையத்தில் பரிசோதனை வேலை. பார்வை எவ்வளவு என்று அளப்பாள், கண்ணாடிக்கு எழுதித் தருவாள், தன் கைக்கு மிஞ்சியதை டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பாள். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. எந்த வீட்டில் யாருக்குப் புரை, யாருக்குச் சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறது, எந்தப் பிள்ளை கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஆள் கறார். ஆபரேஷனுக்குப் பயந்து, அறுப்பு முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று சாக்குச் சொல்கிறவர்களை வீடு தேடிப் போய்த் திட்டுவாள். கண் தெரியவில்லை என்று வருகிறவர்களைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. நன்றாகத் தெரிகிறது என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள்மேல்தான் அவளுக்குச் சந்தேகம். நாற்பது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கோயில் ஒலிபெருக்கியில்கூடச் சொல்லவைத்திருக்கிறாள். கண் அழுத்த நோய் வலிக்காது, சிவக்காது, ஓரங்களில் இருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும், தின்றதைத் திருப்பித் தராது என்று அவள் சொல்லும்போது கேட்கிறவர்கள் கண்ணைக் கசக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவளுடைய புருஷன் கொண்டலராவு படகோட்டி. ஊருக்குக் கிழக்கே பாலம் இருக்கிறது, அந்தப் பக்கம்தான் ராமதுளசியின் கண் மையம். ஸ்கூட்டரில் போய் வருவாள். மேற்கே பாலம் இல்லை. அக்கரையில் சந்தையும் காலேஜும் இருக்கின்றன. அங்கே போகிறவர்களுக்குக் கொண்டலராவின் எஞ்சின் படகு. காலையில் மீன்கூடைக்காரிகள், அப்புறம் பிள்ளைகள், சாயங்காலம் எல்லாரும் திரும்பி. ராமதுளசி அந்தப் படகில் ஏறிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுக்கு அக்கரையில் ஒரு வேலையும் இல்லை.

அந்த வீட்டுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. உகாதி அன்று வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடியை நாக்கில் வைத்த கையோடு எல்லாரும் கண் பரிசோதனைக்கு உட்கார வேண்டும். மையத்தில் கழித்துப்போட்ட எழுத்து அட்டை ஒன்று கூடத்துச் சுவரில் காலண்டருக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவில் தொங்கியது. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போக எறும்பு மாதிரி சின்ன எழுத்துகள். மகள் ஹைமாவதி பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் எழுத்துப் படித்ததே அந்த அட்டையைப் பார்த்துத்தான். கூடத்தின் அந்தக் கோடியில் நாற்காலி. ராமதுளசி இந்தக் கோடியில் குச்சியோடு நிற்பாள். உட்கார்ந்தவர் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, அவள் தொடுகிற எழுத்தைச் சொல்ல வேண்டும்.

கொண்டலராவு எப்போதும் கடைசி எழுத்துவரை சொல்லிவிடுவார். குச்சி போகுமுன்னே வாய் போகும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும், வீடே சிரிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே, இந்த மனுஷருக்குக் கழுகுக் கண் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மையத்தில் இப்படி ஒருவன் ஒப்பித்தால் உடனே அட்டையைத் திருப்பிப் போடுகிறவள்தான். வீட்டில் அது பரிசோதனையாக இல்லை, பண்டிகையாக இருந்தது. அட்டைக்காரி வீட்டில் எல்லாருக்கும் அட்டை மனப்பாடம் என்பது அவளுக்கே தோன்றவில்லை. மையத்துக்கு வந்து கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எப்போதாவது சொல்வாள். நான் எங்கே ஓடிப்போகப் போகிறேன் என்பார் அவர். அதோடு சரி.

அந்த வருஷம் மழையில் சுவர் ஊறி அட்டையின் பாதி கறுத்துப்போனது. மையத்துக்குப் புது அட்டைகள் வந்திருந்தன. உகாதிக் காலையில் அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்த நேரம், ராமதுளசி ஒரு புது அட்டையை அதே ஆணியில் மாட்டினாள். பழையதில் மேல் எழுத்து ‘ப’. இதில் ‘ல’.

ஹைமாவதியும் அவள் புருஷனும் முதலில் உட்கார்ந்து எழுந்தார்கள். பிறகு கொண்டலராவு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ராமதுளசி மேல் எழுத்தில் குச்சியை வைத்தாள்.

“ப” என்றார். அவள் குச்சியை நகர்த்துமுன் அடுத்த வரியையும், அதற்கடுத்ததையும் சொன்னார். எல்லாம் பழைய அட்டையின் எழுத்துகள், ஒன்றுகூடப் பிசகாமல்.

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஹைமாவதி அப்பாவைப் பார்த்து, “நான்னா, இன்னிக்காவது விளையாடாம பாத்துச் சொல்லுங்களேன்” என்றாள். அவரும் கூடச் சிரித்தார், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல். சிரிக்காதவள் ராமதுளசி ஒருத்திதான். கையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர் வலது கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார், கொஞ்சம் மேலே தூக்கினார், சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே தேடுகிற மாதிரி சுவரில் எதையோ தேடினார். இந்தத் தேடலை அவள் நூற்றுக்கணக்கான முகங்களில் பார்த்திருக்கிறாள். தேடியது கிடைத்ததும் அவர் முகம் வெளுத்தது.

“ல” என்றார் மெதுவாக. பிறகு, “மாத்திட்டியா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றாள். பாயசம் ஆறுகிறது, சாப்பிட வாருங்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டாள். பரிமாறினாள், தானும் சாப்பிட்டாள், பஞ்சாங்கம் படிப்பதைக் கேட்கக் கோயிலுக்கும் போனாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. உடம்பு தன்பாட்டுக்கு நடமாடியது. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது, பல் பிடுங்க ஊசி போட்ட தாடையைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

மகளும் மருமகனும் ஊருக்குக் கிளம்பியதும் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். இத்தனை வருஷம் ஆட்களை அனுப்பிவைத்த இடம். எந்த வரிசை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். துணைக்கு வந்தவர்கள் உட்காரும் பெஞ்சியில் மட்டும் உட்கார்ந்ததில்லை. மருந்து விட்டு, அழுத்தம் பார்த்து, நரம்பைப் பார்த்து, இருட்டறையில் வெளிச்சப் புள்ளிகளுக்குப் பொத்தானை அமுக்கவைத்து, எல்லாம் முடிந்ததும் டாக்டர் பார்வை எல்லையின் படத்தைக் காட்டினார். படிக்கத் தெரிந்தவளுக்கு விளக்கம் தேவையில்லை. வலது கண் முடிந்துபோயிருந்தது. இடதில் நடுவில் ஒரு பொட்டு வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. போனது போனதுதான். ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து விட்டால் அந்தப் பொட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். படகு ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கூடவே கூடாது என்றார். ராமதுளசி தலையாட்டினாள். தான் மற்றவர்களிடம் சொல்லும்போது அவர்களும் இப்படித்தான் தலையாட்டுவார்கள் என்று தோன்றியது. அவர்கள் காதில் ஒன்றும் விழுந்திருக்காது என்றும் தோன்றியது.

நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. செம்பைத் தட்டிவிட்டார், கதவு நிலையில் இடித்துக்கொண்டார், தட்டுக்கு வெளியே ரசத்தை ஊற்றினார். ஒவ்வொரு தடவையும், கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்டாட்டியும் கேட்கிற கேள்வி. மற்றவள் கேட்டால் பரவாயில்லை, இவள் கேட்டிருக்கிறாளே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?”

“ரெண்டு மூணு வருஷமா இருக்கும்.”

“ஏமண்டி, எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா?”

“உங்கிட்டதான் சொல்லக் கூடாதுன்னு தோணுச்சு. சொன்னா நீ படகை நிறுத்திடுவ. படகை நிறுத்திட்டு நான் வீட்ல என்ன பண்ண, உன் அட்டையையா பாத்துட்டு உக்காந்திருக்க?”

அவருக்குக் கோபம் இல்லை, அவளுக்கும் இல்லை. வெளியே தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார், வழக்கமாகப் பார்க்கிறவர்கள் வைத்திருப்பதுபோலவே. இனிமேல் படகைத் தொடக் கூடாது என்றாள். சரி என்றார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. சொட்டு மருந்து அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. ஸ்கூட்டரைக்கூட எடுக்கவில்லை, அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டே மேற்குத் துறைக்கு நடந்தாள். போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. படகில் காலேஜ் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். ஆற்றின் நடுவே எப்போதோ பாலத்துக்காக நட்டுப் பாதியில் விட்ட தூண்கள் நிற்கின்றன. ஒரு தூணில் மோதினால் போதும். நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்த வேண்டுமானால் ஊரார் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், என் புருஷனுக்குக் கண் தெரியாது என்று. அதைச் சொன்ன வாயால் நாளைக்கு யாரைப் பார்த்து, உன் கண்ணை எங்கிட்டக் காட்டு என்று சொல்வது? எவள் காட்டுவாள்? அவருடைய மானமும் போகும், இருபது வருஷமாகச் சம்பாதித்த அவளுடைய பெயரும் போகும். இத்தனையும் யோசித்தாளே தவிர, நெஞ்சு படபடக்கக்கூட இல்லை.

படகு நிறைந்திருந்தது. கொண்டலராவு பின்னால் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருந்தார், இன்னும் எஞ்சினை முடுக்கவில்லை. முன்னால் மீன்கூடையோடு நூகாலம்மா. அவருக்குத் தங்கை முறை, ஊரிலேயே நீளமான நாக்கு அவளுக்குத்தான். அண்ணி ராமதுளசியைப் பார்த்ததும், “என்ன வதினா, அதிசயமா இந்தப் பக்கம்? பாலம் இடிஞ்சிருச்சா?” என்றாள்.

ராமதுளசி தண்ணீர் ஓரம்வரை இறங்கினாள். கரையில் நின்றபடி மொத்தப் படகுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். “எல்லாரும் இறங்குங்க. இவரு படகு ஓட்டக் கூடாது. இவருக்கு ஒரு கண்ணு சுத்தமா போயிருச்சு, இன்னொண்ணுல ஊசித் துவாரம் அளவுதான் தெரியுது.”

சலசலப்பு வரும் என்று காத்திருந்தாள். ஐயோ என்பார்கள், எங்களை ஏமாற்றினானா என்பார்கள், நீ என்ன டாக்டர் என்பார்கள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு மூன்று பேர் நூகாலம்மாவைப் பார்த்தார்கள்.

“தெரியும் வதினா” என்றாள் நூகாலம்மா. அந்தக் குரலில் கிண்டல் இல்லை. “எங்களுக்கு எப்பவோ தெரியும். அன்னய்யாவா ஓட்டுறாரு? நான் முன்னால உக்காந்து, வலது பக்கம் தூண் வருது, இடது பக்கம் வலை கட்டியிருக்குன்னு சொல்லிட்டே வருவேன், அவரு திருப்புவாரு. நான் வராத நாள்ல இந்தப் பசங்க சொல்லும்.”

“எங்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலியே.”

“நீ கண்டுபிடிப்பேன்னு நினைச்சோம். ஊர்ல ஒரு கண்ணு விடாம பாக்குறவ. ஒரு வருஷம் போச்சு, ரெண்டு வருஷம் போச்சு. அப்புறம் உன்கிட்ட வந்து சொல்ல எங்களுக்கே கூச்சமா ஆயிருச்சு.”

ராமதுளசிக்கு உகாதியிலிருந்து மரத்துக் கிடந்த இடத்தில் முதல்முறையாக எதுவோ குத்தியது. அது அவருக்காகவா தனக்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. குத்தியதும் பழையபடி மரத்துப்போயிற்று.

“போதும், இறங்குங்க” என்றாள் மறுபடியும்.

பிள்ளைகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். கிழக்குப் பாலம் வழியாகச் சுற்றிப் போனாலும் பரீட்சைக்குப் போய்விடலாம் என்று யாரோ சொன்னார்கள். நூகாலம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு இறங்கினாள். யாரும் கிளம்பவில்லை. எல்லாரும் கரையிலேயே நின்றார்கள்.

கொண்டலராவு சுக்கானைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சின் சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். பலகைகளைக் காலால் தடவித் தடவி முன்னால் வந்தார். படகின் விளிம்புக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த ஏறுபலகை எங்கே இருக்கிறது என்று ஒரு கால் காற்றில் தேடியது.

கரையில் நின்ற அத்தனை பேரும் கையை நீட்டினார்கள். தினம் செய்து பழகிய கைகள். யார் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கை தோளுக்கு, எந்தக் கை முழங்கைக்கு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ராமதுளசியும் கையை நீட்டினாள். பிடிக்க இடம் இல்லாமல் அது நின்றது.