பதினேழு புள்ளி நான்கு

கதை கட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. இருபத்திரண்டு வருடமாக முதலியார்பேட்டையில் டயர்க் கடை வைத்திருக்கிறேன். டயரில் காற்று இறங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும். போன அக்டோபர் கடைசியில் ஒன்பது நாள் தேடினேன். கிடைக்கவில்லை. நடந்ததை நடந்த மணிக்கணக்கோடு எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

சிக்கல் இதுதான். புத்தம் புதிய டயர்கள் நான்கு. தினமும் மாலை சரியாக 6.10க்கு நான்கிலும் காற்று இறங்குகிறது. முழுதாக இறங்குவதில்லை. முன்சக்கரங்களுக்கு 38 பவுண்டு, பின்சக்கரங்களுக்கு 50 பவுண்டு அடித்து அனுப்புகிறேன். நான்கும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

17.4.

பதினேழும் இல்லை, பதினெட்டும் இல்லை. பதினேழு புள்ளி நான்கு. ஆணி குத்திய ஓட்டை எண் பார்த்து நிற்காது. வால்வு கெட்டிருந்தால் ஒன்று கெடும், இரண்டு கெடும். நான்கும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில், ஒரே அளவுக்குக் கெடாது.

வண்டி ஜோசப் ஆனந்துடையது. பெரிய பிக்கப். கல்லறைக் கல் செய்து கொண்டுபோய்ப் பதிப்பது அவன் தொழில். கல்லில் எழுத்து வெட்டுவது அவன் மனைவி லினெட். ஒரு கருங்கல் பலகை முந்நூறு கிலோ வரும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் எல்லாக் குடும்பங்களின் கல்லும் நின்றாக வேண்டும். அதுவும் மழைக்காலத்தில், கடலோரக் கல்லறைத் தோட்டத்து மணலில்.

"மணல்ல சிக்குனா கல்ல நான் தலையில தான் தூக்கணும் பாய். நல்லதா ஒண்ணு போடுங்க" என்றான்.

டயர் தேர்ந்தெடுப்பது எனக்குப் பிடித்த வேலை. ரோட்டு டயரில் பட்டன்கள், அதாவது தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகள், நெருக்கமாக இருக்கும். தாரில் சத்தமில்லாமல் ஓடும். மண்ணில் இறங்கினால் இடைவெளி அடைத்துக்கொண்டு வழுக்கும். சேற்று டயரில் கட்டைகளுக்கு நடுவே கட்டைவிரல் போகும். சேற்றில் நன்றாக ஏறும், தாரில் சீக்கிரம் தேயும். இரண்டுக்கும் நடுவில் ஆல் டெரெய்ன். ஆனந்துக்குப் பாதி ஓட்டம் தாரில், பாதி மண்ணில். ஆக அதுதான் சரி.

அடுத்து பக்கச் சுவரைப் படிக்க வேண்டும். 121 என்று இருந்தால் ஒரு டயர் 1450 கிலோ தாங்கும். பத்து பிளை, அதாவது பத்து அடுக்கு வலு, என்றால் கல் முனை குத்தினாலும் சுவர் சட்டென்று கிழியாது. கடைசியாக, சிறிய வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று. பழைய சரக்கைத் தள்ளிவிட்டுப் புதிதாக நான்கு எடுத்தேன். ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன்.

"மாடு புடிக்க வந்தவரு மாதிரி தடவறீங்களே பாய். பல்லயும் பாத்துடுங்க."

"மாடு ஒதச்சா கால் தான் போவும். இது வெடிச்சா ஆளே போயிடும்பா."

கிளம்பும்போது நானே ஒரு யோசனையும் சொன்னேன். பிக்கப் காலியாகப் போகும்போது பின்பக்கம் லேசாக இருக்கும். சக்கரம் மணலைப் பிடிக்காமல் சுற்றும். "பின் அச்சுக்கு மேல நூறு கிலோ ஏதாவது போட்டு வையி."

அன்றைக்கே போட்டுவிட்டான்.

மறுநாள் மாலை 6.10. ஆனந்து இரண்டு கல் ஏற்றிக்கொண்டு கடலூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் லினெட். வண்டி திடீரென்று படகு மாதிரி அசைந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் நான்கு டயரும் சப்பை. பின் டயரின் சுவரில் கை வைக்க முடியாத சூடு. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடேறி ஒடியுமே, அதே கதைதான். காற்று குறைந்த டயர் பாரத்தோடு ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் சுவர் மடங்கி நிமிரும். இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தால் வெடித்திருக்கும்.

வால்வு மூடி நான்கும் கழன்றிருந்தன. அவை டேஷ்போர்டின் மேல் இருந்தன. வரிசையாக.

"ஓடுற வண்டியில எவன் பாய் வந்து கழட்டுவான்?"

மறுநாள் காலை கடைக்கு வந்து கேட்டான். சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. டயரைக் கழற்றித் தொட்டியில் முக்கினேன். வால்வு நான்கையும் மாற்றினேன். டயர் மாட்டுகிற இரும்பு டிஸ்க்கில் விரிசல் உண்டா என்று விளக்கடித்துத் தேடினேன். காற்று அடித்து அனுப்புவேன். மறுநாள் காலை அவன் திரும்பி வருவான். 17.4.

"திருநாள் முடியுற வரைக்கும் வண்டிய எடுக்காத" என்றேன்.

"இன்னும் பன்னெண்டு கல் நிக்குது பாய். எடுக்காம?"

எடுப்பான். லினெட்டும் கூடப் போவாள். டயரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

ஒன்பதாம் நாள் வண்டியைக் கடையிலேயே நிறுத்தச் சொன்னேன். பதிக்க ஏற்றியிருந்த கற்களை இறக்கியாயிற்று; பின் அச்சுக்கு மேல் போட்ட பாரம் மட்டும் அப்படியே இருந்தது. மழை பிடித்திருந்தது. மக்ரிப் தொழுதுவிட்டு நான் கடைக்குள் வந்தபோது மணி 5.58. ஆனந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். உள்ளே நாங்கள் இரண்டு பேர். வேறு யாரும் இல்லை. காற்று அளந்தேன். முன்னால் 38. பின்னால் 50. மூடிகளை இறுக்கினேன்.

6.04. கரண்ட் போனது. டார்ச்சைப் பெஞ்சின்மேல் வைத்தேன்.

6.09. மழைச் சத்தம் மட்டும்.

6.10.

மளுக்…

முட்டி சொடுக்குகிற சத்தம். வயதானவர்கள் குந்தி உட்காரும்போது கேட்குமே, அது. முன்பக்க வலது சக்கரத்தின் அருகில்.

"நீயா?"

"நான் இங்க இருக்கேன் பாய்." குரல் எனக்குப் பின்னால் இருந்து வந்தது.

மூடி சுழன்றது. கண்ணெதிரே. தானாக.

ஸ்ஸ்ஸ்ஸ்…

கொஞ்சம் விட்டது. நின்றது. மறுபடி கொஞ்சம். நின்றது. ஓட்டையில் காற்று போகிற மாதிரி இல்லை. அளந்து அளந்து விடுகிற கை. நானும் அப்படித்தான் விடுவேன்.

பிறகு அமைதி. ஒருவர் நான்கு எட்டு வைக்கிற நேரம்.

மளுக்… பின்பக்க வலது.

ஸ்ஸ்ஸ்ஸ்…

ஆனந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

மளுக்… பின்பக்க இடது.

எங்களுக்கு மூன்றடி தூரத்தில்.

ஸ்ஸ்ஸ்…

மளுக்…

6.14. நின்றுவிட்டது.

நான் ஊர்ந்துபோய் காற்று அளக்கிற மானியை வால்வில் வைத்தேன். 17.4. எடுக்கும்போது விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டுவிட்டது. அளவை மாற்றுகிற பொத்தான். வாங்கிய நாளிலிருந்து தொட்டதில்லை. திரையில் எண் மாறியது.

1.20.

அப்போதுதான் புரிந்தது. நாம் காற்றைப் பவுண்டில் அளக்கிறோம். எங்கள் ஊரை முன்பு ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 'பார்' என்கிற கணக்கில் அளப்பார்கள். ஒரு பார் பதினாலரைப் பவுண்டு. ஒன்றே கால் பாருக்குக் கொஞ்சம் கீழே, ஒன்று புள்ளி இரண்டு பார் என்றால் சரியாகப் பதினேழு புள்ளி நான்கு. நமக்கு ஓட்டை உடைசலாகத் தெரிந்த எண் அவர்களுக்கு நல்ல முழு எண். அந்த அளவில் தாரில் யாரும் ஓட்ட மாட்டார்கள். மணலில் ஓட்டுவார்கள். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் பரவும், ஒட்டகத்தின் பாதம் மாதிரி. பாரம் பிரிந்துவிடும். வண்டி புதையாது.

இது கெடுதல் செய்கிற கை இல்லை. மணலுக்குள் போக வண்டியைத் தயார் செய்கிற கை.

"ஆனந்து… பின்னாடி பாரத்துக்கு இன்னா போட்ட?"

"ஒரு பழைய கல்லு பாய். கல்லறத் தோட்டத்து மதில் ஓரம் கெடந்துச்சு. கழிச்சுப் போட்டதுன்னு…"

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கல் வைத்தால் பழையதை உடைத்து அங்கேயே புதைத்துவிட வேண்டும். எழுத்து வெட்டிய கல் வாசலைத் தாண்டக் கூடாது. ஆனந்துக்கு அது தெரியும். அவசரத்தில், குப்புறக் கிடந்ததை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டான்.

கடப்பாரை கொடுத்து இரண்டு பேருமாகப் புரட்டினோம். டார்ச் அடித்தேன். பிரெஞ்சு எழுத்து. ஆனந்து விரலால் தடவித் தடவிப் படித்தான். அந்துவான் சவரிராயலு. சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அதற்குக் கீழே, லாரி ஓட்டுநர். அதற்கும் கீழே, அல்ஜேரி, நாம் சொல்கிற அல்ஜீரியா.

"அது மணல் தேசம் பாய்" என்றான் ஆனந்து.

கரண்ட் வந்தது. ரோட்டுக்கு வேண்டிய காற்றை அடித்துக்கொண்டு உடனே கிளம்பினோம். 7.05க்குக் கல்லறைத் தோட்டத்து வாசல். ஹாரன் அடித்தோம். நெடுநேரம் கழித்துக் காவலர் அம்மாவாசை வந்து, கம்பிக்கு அந்தப் பக்கமே நின்று எங்கள் முகத்தில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகுதான் பூட்டைத் திறந்தார்.

வாசலிலேயே நான் குந்தி உட்கார்ந்து நான்கு டயரிலும் காற்றை விட்டேன். ஒன்று புள்ளி இரண்டு.

ஆனந்து தனியாக ஓட்டினான். நான் டார்ச்சோடு பின்னால் நடந்தேன். அதுவரை அச்சு வரை புதைந்த மணலில் வண்டி மிதந்துபோனது. நான் தடத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். தொழில் பழக்கம். ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். வலது தடம்தான் ஒரு நூல் ஆழமாக விழ வேண்டும்.

இடது தடம் ஆழமாக விழுந்திருந்தது.

ஆனந்திடம் சொல்லவில்லை.

மதிலை ஒட்டிய கடைசி வரிசையில் ஒரு கல்லறை மேடை கல் இல்லாமல் இருந்தது. அடியில் ஈரச் சுண்ணாம்பு. அந்தக் கல்தான் மழையில் பெயர்ந்து, சரிந்து, மதிலோரம் போயிருக்கிறது. பலகையை இறக்கினோம். நிமிர்த்தினோம். ஆனந்து கலவை போட்டு முட்டுக்கொடுத்து நிறுத்தினான். ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். காற்றில் அது அணையவில்லை.

திரும்பும்போது வலது தடம் ஆழமாக இருந்தது. இருக்க வேண்டியபடி.

வாசலில் நான், கையோடு கொண்டுபோன பம்பால் மறுபடி காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவாசை பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, ராவுல வந்து கல்லு வைக்கிறீங்க?"

ஆனந்து தவறை ஒப்புக்கொண்டான். அவர் திட்டவில்லை. அந்தக் கடைசி வரிசைப் பக்கம் விளக்கடித்துப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு கேட்ட பூட்டிடுவேன். பத்து நாளா, பூட்டிட்டு வந்து உக்காந்தா, ஆறே காலுக்கு யாரோ தட்டுறாங்க."

"உள்ளேருந்தா?" என்றேன்.

"உள்ளேருந்து தட்டுனா நான் இன்னாத்துக்கு பயப்படப்போறேன் பாய். முப்பது வருசமா இவங்க கூட தான் கெடக்குறேன்." குரலைத் தாழ்த்தினார். "வெளியேருந்து தட்டுனாங்க. தெறந்து பாத்தா ஆளு இல்ல. இன்னிக்கி ஹாரன் அடிச்சீங்களே, இன்னிக்கி தான் ஆளு இருந்துச்சு."

மறுநாள் ஆனந்தும் லினெட்டும் கல் ஏற்றிக்கொண்டு கடலூர் ரோட்டில் போனார்கள். 6.10க்கு நான் போன் போட்டேன். ஓரங்கட்டி அளந்து சொன்னான். திருநாள் வரை தினமும் அளந்தான். இன்றைக்கும் அளக்கிறான்.

கல் அதன் இடத்தில் நிற்கிறது. பின் அச்சுக்கு மேல் இப்போது நான்கு மணல் மூட்டை. முன்னால் 38, பின்னால் 50. காற்று இறங்குவதில்லை.