அப்பா ஏற்காத பதில்

சென்ற ஆண்டு ஆவணி மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அப்பா வழக்கம்போல் விடியும் முன் எழுந்து, வேனைத் துடைத்து, கண்ணாடியில் மல்லிகைச் சரத்தைக் கட்டினார். அன்று பிள்ளையார்பட்டி, குன்றக்குடிச் சவாரி. ஆனால் ஆள் நிறைந்ததும் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தும் முனகிக்கொண்டே ஊர்ந்தது. பின்னால் கரும்புகை.

அப்பா காளையார்கோவில் பக்கத்துக் கிராமத்தில், மழையை நம்பிய குடும்பத்தில் பிறந்தவர். லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, கடைசியில் பழைய டீசல் வேன் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். மகளான என்னைப் படிக்க வைத்தது அந்த வேனின் வருமானத்தில்; எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அதில்தான்.

காரைக்குடிப் பட்டறையில் மெக்கானிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நாலு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கீக. வண்டிக்கு வயசாயிருச்சுண்ணே. நம்ம மட்டும் முன்ன மாதிரியா ஓடுறோம்?”

“ஒனக்கு வயசாச்சுன்னு சொல்லிக்க. என் வண்டியச் சொல்லாதே. பாத்துட்டுச் சொல்லு.”

ஒரே நேரத்தில் இரண்டு சாமான் மாற்ற அப்பா விடமாட்டார். எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடுமாம். முதலில் ஏர் ஃபில்டர் மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு டீசல் ஃபில்டர். பிறகு பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா என்று சக்கரங்களைத் தொட்டுச் சூடு பார்த்தார்கள். கடைசியில், டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிய அப்பாவின் விரலில் எண்ணெய் ஒட்டியது. அங்கே ஒரு விரிசல். வண்டி நிற்கும்போது அது மூடியே இருக்கும். சுமையேறி அழுத்தம் கூடும்போதுதான் திறந்து காற்றை வெளியே விடும்.

குழாயை மாற்றியதும் வண்டி பழையபடி பாய்ந்தது. “வயசாம், வயசு!” என்று அப்பா வழியெல்லாம் சிரித்தார். முருகனுக்கு நன்றி சொல்ல அன்று மாலையே அம்மாவையும் என்னையும் குன்றக்குடிக்கு அழைத்துப் போனார். பாதி மலையேறியதும் படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது.

“ஏங்க, இப்படி மூச்சு வாங்குறீக? டாக்டர்ட்ட காட்டுவமா?” என்றார் அம்மா.

“அடப் போ. வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்.”

கீழே இறங்கி டீ குடித்ததும் தெளிந்துவிட்டார். நாங்களும் அதை நம்பினோம். வண்டிக்கு அவர் ஒருபோதும் ஏற்காத பதிலைத் தன் உடம்புக்கு மட்டும் ஏன் ஏற்றுக்கொண்டார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

புரட்டாசியில், பிள்ளையார்பட்டியில் பயணி ஒருவரின் மூட்டையை இறக்கும்போது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அர்ச்சனைக் கடைக்காரர்கள் அவரை வேனிலேயே ஏற்ற, இன்னொரு ஓட்டுநர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வண்டி எங்கும் தயங்கவில்லை என்று அவர் பின்னர் என்னிடம் சொன்னார். அப்பாதான் வழியிலேயே போய்விட்டார்.

அன்று கைகொடுத்த கடைக்காரர்களுக்கும், அந்த ஓட்டுநருக்கும், பட்டறையை மூடிவிட்டு வந்து எங்களோடு நின்ற மெக்கானிக்குக்கும், இப்போது அம்மாவின் இருதயத்தைக் கவனித்துவரும் மருத்துவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவின் இருதயக் கோளாறு தெரியவந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அப்பாவின் கருமாதியன்று மாடிப்படி ஏறிவந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வயசுன்னா அப்படித்தான்” என்றார் என் அத்தை. காலையில் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றேன்.

அத்தை பதறினார். “கருமாதி முடிஞ்ச மறுநாளே வாசலத் தாண்டுறதா? ஊரு என்னடி பேசும்?”

அம்மா மூச்சிரைப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “பேசுறவுக பேசட்டும், மதினி. வண்டிக்கு ஒவ்வொண்ணா பாத்தாகள்ல, ஒங்க அண்ணன்? எனக்கும் பாக்கட்டும்.”

மறுநாள் காலை முதல் வேலையாக அம்மாவை வேனின் முன் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்து, சாவியைத் திருப்பினேன்.