தம்பி ஓடிய நேரம்

கறுப்பு பிளாஸ்டிக், மஞ்சள் பொத்தான், கழுத்தில் மாட்டிக்கொள்ள நீலக் கயிறு. விளையாட்டுச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கிற ஸ்டாப்வாட்ச்தான். மூன்று வருஷமாக அது எங்கள் வீட்டு டிவி மேஜை இழுப்பறையில், பழைய ரிமோட்டுக்கும் காலாவதியான மாத்திரைகளுக்கும் நடுவே கிடந்தது. அம்மா எதையாவது தேடி அந்த இழுப்பறையைத் திறந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அம்மாவுக்கு அது, தம்பியைப் பட்டாளத்துக்கு அனுப்ப நான் பட்ட பாட்டின் அடையாளம். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவாள். "தெனமும் இருட்டோட எழுந்து தம்பிகூட கிரவுண்டுக்குப் போவான், பெரியவன். எந்த அண்ணன் செய்வான் அப்படி?" என்பாள். எந்த அண்ணனும் செய்ய மாட்டான் என்பது உண்மைதான். அவள் நினைக்கிற அர்த்தத்தில் அல்ல.

நாங்கள் குடியாத்தம் பக்கத்துக்காரர்கள். அப்பா புணேயில், கட்கியில் இருந்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அவர் காலமானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு விஷ்ராந்த்வாடியில் வாடகை வீட்டுக்கு வந்தோம். தலைக்கு மேல் போர் விமானங்கள் பறக்கிற பகுதி அது. விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது அங்கே எல்லோருக்கும் பழக்கம். தம்பி மட்டும் சாப்பிடுகிற தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பால்கனிக்கு ஓடுவான். என்னைவிட ஏழு வயது சின்னவன். புணேயிலேயே பிறந்தவன். தமிழைப் பேசுவான், படிக்க மாட்டான்; கோபம் வந்தால் மராத்தி, செல்லம் கொஞ்சினால் இந்தி. பி.காம் இரண்டாம் வருஷத்தில் ஒருநாள், பட்டாளத்தில் சேரப்போகிறேன் என்று சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். அம்மா அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் முடிவு எடுக்கிறவன் நான் என்று ஆகியிருந்தது.

"போடா, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்வதென்றால், அப்போது எனக்குள் எழுந்தது எரிச்சல். நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனத்தில் என்னை இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்புவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, இரண்டு முறை குளியலறையில் மயங்கி விழுந்தது எல்லாம் உண்டு. தம்பி வீட்டில் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நான் மேலாளரிடம் சரி என்று சொல்லிவைத்திருந்தேன். அவன் போனால் நான் போக முடியாது. இதை அவனிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் நிச்சயம் நின்றிருப்பான், அப்படிப்பட்ட பிள்ளை. ஆனால் கேட்டு நிறுத்திய அண்ணன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அவனாகவே நின்றால் தேவலை என்று இருந்தது. நல்ல பெயரும் வேண்டும், ஜெர்மனியும் வேண்டும் என்றால் மனிதன் என்னென்ன செய்வான் என்பதை நான் என்னிடமிருந்தே தெரிந்துகொண்டேன்.

தேர்வில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓட வேண்டும். ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். அதற்கு மேல் போகப் போக மதிப்பெண் குறையும், பிறகு வீட்டுக்குப் போ என்பார்கள். பயிற்சி வகுப்புக்குப் போகிறேன் என்றவனை, நானே பயிற்சி கொடுக்கிறேன் என்று தடுத்து, அந்த ஸ்டாப்வாட்சை வாங்கி வந்தேன். ஆளந்தி ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஒரு மைதானம், சுண்ணாம்பில் கோடு போட்ட ஓடுபாதை. நான்கு சுற்று. முதல் நாள் அவன் கடைசிச் சுற்றை முடிக்க வரும்போது தலைக்கு மேல் விமானம் போனது. நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, அவன் கோட்டைத் தாண்டிய பிறகே பொத்தானை அழுத்தினேன். வேண்டுமென்று செய்ததல்ல. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி, பிறகு வந்து வாட்சைப் பார்த்தான். ஆறு நிமிஷம் தாண்டியிருந்தது. "அண்ணா, சச்சி பாத், உண்மையச் சொல்லு. என்னால ஆகுமா?" என்றான். அவன் முகம் சுருங்கிப்போயிருந்தது. லேட்டா அழுத்திட்டேன்டா என்று சொல்ல வாயெடுத்தவன், "பாக்கலாம்" என்றேன். அந்த நொடியில் எனக்கு வந்த நிம்மதியை இன்றுவரை மறக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து அது தொழிலாகிவிட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவேன். "ரெண்டு"க்கே பொத்தானை அழுத்திவிடுவேன். முடிவில் அவன் கோட்டைத் தாண்டி, குனிந்து, இரண்டு மூச்சு விட்ட பிறகு நிறுத்துவேன். ஒருநாள் ஏழெட்டு விநாடி திருடியிருப்பேன், இன்னொரு நாள் பத்துப் பன்னிரண்டு. அவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எண்ணை வாட்ச் காட்டுகிறது, வாட்சைப் பிடித்திருப்பது அண்ணன். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஒரு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவான் என்பது என் கணக்கு. என் தம்பியை எனக்கே தெரியவில்லை. ஐந்து நாற்பத்திரண்டு என்று வாட்ச் காட்டிய நாளில் அவன் போய் இன்னும் இரண்டு சுற்று ஓடினான். சாயங்காலமும் ஓட ஆரம்பித்தான். மைதானத்து வாசலில் அவலில் செய்த போஹா விற்கிற அக்காவிடம், எண்ணெய் வேண்டாம், எடை ஏறிவிடும் என்று சொல்லி என் தட்டை மட்டும் வாங்கிக் கொடுத்தான். நான் உட்கார்ந்து தின்றேன்.

மூன்றாம் மாதம் அவனுக்கு இடது காலில் வலி வந்தது. முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே, முன்பக்க எலும்பில், ஒரு விரல் அகலத்துக்கு. தொட்டால் துடிப்பான். காலையில் வார்ம்-அப் செய்வதற்கு முன் நான்தான் அந்த இடத்தில் தைலம் தேய்த்துவிடுவேன். ஒரு வாரம் ஓய்வெடுடா என்று சொன்னதும் உண்டு. "எப்டிண்ணா? இன்னும் பத்து செகண்ட் கொறைக்கணும்ல" என்றான். அந்தப் பத்து விநாடி என் கட்டைவிரலில் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு அன்று ஏதோ காரணம் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அது என்ன என்றுகூட நினைவுக்கு வரவில்லை. தைலம் தேய்த்த கையைத் துணியில் துடைத்துவிட்டு வாட்சை எடுத்தேன், "ரெண்டு"க்கு அழுத்தினேன்.

தேர்வுக்கு முந்தைய கடைசிப் பயிற்சியில் அவன் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் இருக்கிறது. மழை விட்டிருந்த காலை. கடைசிச் சுற்றில் தலை ஆடவில்லை, தோள் ஆடவில்லை, கால்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பெரியவர்கள் நின்று பார்த்தார்கள். அன்றும் நான் தாமதமாகத்தான் அழுத்தினேன். அப்படியும் ஐந்து இருபத்தாறு காட்டியது. அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். தேர்வில் இருநூறு முந்நூறு பேரை ஒன்றாக ஓடவிடுகிறார்கள். யாருக்கும் நேரத்தைச் சொல்வதில்லை. முதலில் வந்தவர்களைக் கயிறு கட்டிப் பிரித்து, தனியே உட்காரவைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். இவன் இரண்டாவதாக வந்தானாம். உடல் பரிசோதனையில் கால் வலியை மூச்சுவிடாமல் மறைத்துவிட்டான். எழுத்துத் தேர்வையும் முடித்து, பயிற்சி மையத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த அன்று, அம்மா எனக்குத்தான் முதலில் சர்க்கரை கொடுத்தாள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. கறுப்புத் தகரப் பெட்டி, அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் பெயர், இரண்டு பூட்டு, வெள்ளை பனியன்கள், ஷூ பாலிஷ், ஊசி நூல். கட்கி பஜாரில் எல்லாவற்றையும் நானே அலைந்து வாங்கினேன். அம்மா முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்து, அங்கே உள்ளே விடமாட்டார்கள் என்று அவன் சொன்னதும், "ரயில்லயே தின்னுடு" என்றாள். புணே ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் முன் தம்பி தன் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றி என் கையில் வைத்தான். "நீ இல்லன்னா எனக்கு ஆகியிருக்காதுண்ணா. நீ ஒரு செகண்ட்கூட எனக்கு சும்மா குடுக்கல" என்றான். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. ஸ்டேஷனில் இருந்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் போன் பேச விடுவார்கள். முதல் நான்கு வாரம் குரலில் அப்படி ஒரு உற்சாகம். ஐந்தாவது வாரம் அம்மாவிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டு, கால் திரும்ப வலிக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றான். டாக்டரிடம் காட்டு என்றேன். காட்டினால் பின்னால் வருகிற பேட்ச்சில் தள்ளிவிடுவார்கள் என்றான். ஒன்பதாவது வாரம் முதுகில் பையோடு ஓடும்போது விழுந்தான். எலும்பு முறிந்திருந்தது. சில மாதம் ராணுவ மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். பிறகு, இந்தக் கால் இந்த வேலைக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவனை அழைத்துவர நான்தான் போனேன். அங்கிருந்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இங்கே வருவதற்கு முன்பே இதில் மயிரிழை விரிசல் இருந்திருக்க வேண்டும், யாரோ அளவுக்கு மீறி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று இந்தியில் சொன்னார். அவர் விரல் வைத்த இடம் எனக்குத் தெரிந்த இடம். தம்பி என்னைக் காப்பாற்றுகிற மாதிரி குறுக்கே புகுந்து, "இல்ல சார், நான்தான் கேக்காம ஓடுனேன்" என்றான்.

அதற்குப் பிறகு நான் நினைத்ததெல்லாம் நடந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. தள்ளிப்போயிருந்த ஜெர்மனி வாய்ப்பு மறுபடி வந்தது. தம்பி, "போண்ணா, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றான். நான் சொன்ன அதே வார்த்தை. அவன் அதை மனதாரச் சொன்னான். இரண்டு வருஷம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும், மாத்திரை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை கிடைத்து, கட்கியிலிருந்து லோக்கல் ரயிலில் போய்வருகிறான். வேகமாக நடந்தால் இடது கால் லேசாக இழுக்கும். விமானம் போனால் இப்போது பால்கனிக்கு வருவதில்லை.

போன மாதம், நான் ஜெர்மனியிலிருந்து திரும்பிய பிறகு, அந்த ஸ்டாப்வாட்ச் இருக்கிறதா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மைதானத்தில் நாலைந்து பேருக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறானாம். புது பேட்டரி போட்டு எடுத்துப் போனேன். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற ஒரு பெண் கோட்டில் நின்றாள். "ஏக், தோ" என்று எண்ணி, "தீன்" என்று அவன் சொன்னதும் பொத்தான் அழுந்தியதும் ஒன்றாக இருந்தன. அவள் ஓடத் தொடங்கியதும் என்னிடம் சிரித்துக்கொண்டே, "உன்கிட்ட கத்துக்கிட்டதுதான். ஒரு செகண்ட் சும்மா குடுக்கக்கூடாது" என்றான். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். "ரெண்டு"க்கு அழுத்தியது, குனிந்த பிறகு நிறுத்தியது, ஜெர்மனி, எல்லாம். அவள் இரண்டு சுற்று முடிக்கும்வரை சொன்னேன். அவன் கண்ணை ஓடுபாதையிலிருந்து எடுக்கவில்லை. திட்டுவான், குறைந்தது வாட்சைத் தூக்கி எறிவான் என்று காத்திருந்தேன். மூன்றாவது சுற்றில்தான் வாயைத் திறந்தான்.

"அப்ப அந்தக் கடைசி நாள், மழை விட்டிருந்துச்சே, அன்னிக்கு நான் நிஜமா எவ்ளோல ஓடுனேன்?"

எனக்குத் தெரியாது. எத்தனை விநாடி திருடினேன் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அன்று வாட்சில் ஏறியது ஐந்து இருபத்தாறு என்ற பொய். தேர்வில் யாரும் நேரம் சொல்லவில்லை. அதன் பிறகு அவன் அப்படி ஓடவும் இல்லை. அவனுடைய வாழ்க்கையிலேயே நல்ல ஓட்டம் அது. அதன் நேரம் எங்கேயும் இல்லை. "தெரியலடா" என்றேன். அவன் தலையாட்டினான். அந்தப் பெண் கோட்டைத் தொட்ட கணத்தில் பொத்தானை அழுத்தி, எண்ணை விநாடியின் பின்னம்வரை உரக்கப் படித்தான்.

மூன்று வாரம் அதைப் பற்றி அவன் பேசவில்லை. போன ஞாயிறு, வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்டாப்வாட்ச் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்காமலேயே, "அஞ்சு பதினஞ்சு இருக்குமாண்ணா?" என்று கேட்டான்.

"இருக்கும்டா" என்றேன். இதுவும் பொய்யா என்று எனக்கே தெரியாது.