சுண்டுவிரல் சாட்சி

சித்தி கைவலி என்றபோது எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. நான் சும்மாவே எதையும் நம்பமாட்டேன். பால்காரன் சிரித்தால்கூடப் பாலை எட்டிப் பார்ப்பேன். சிவாஜிநகரில் நாங்களும் சித்தப்பாவும் ஒரே வீடு. சித்தி குழாயடியில் குடத்தை நழுவவிட்டாள். களி கிண்டும்போது துடுப்பை விட்டாள். விடிந்ததும் வெறுங்கையை உதறிக்கொண்டு நிற்பாள்.

“ஆட்டுக்கல்லப் பாத்தாதான் அவளுக்கு வலி வருது. அம்மா வூட்டுக்கே மூட்டை கட்டி அனுப்பிட வேண்டியதுதான்,” என்றாள் அம்மா. என்னை வேவு பார்க்கச் சொன்னாள். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள்; எனக்கும் வேறு வேலையில்லை.

எந்த விரல் என்று சித்தியிடம் கேட்டேன். கட்டைவிரல் தொடங்கி மோதிரவிரல் வரை தொட்டுக் காட்டினாள். சுண்டுவிரல்?

“அது நல்லாத்தான் கீது கண்ணு.”

மாட்டிக்கொண்டாள்! வலித்தால் முழுக்கையும் அல்லவா வலிக்க வேண்டும்? ஓடிப்போய்ச் சொன்னேன். பொய்யை உடைக்கவே அம்மா அவளைப் பக்கத்துத் தெரு நர்சம்மாவிடம் இழுத்துப் போனாள். பின்னாலேயே நானும்.

நர்சம்மா சித்தியின் மணிக்கட்டை மடக்கிக் கொஞ்ச நேரம் பிடித்தார். சித்தி முகம் சுளித்தாள்.

“சுளுக்குன்னா ஒரே எடத்துல வீங்கும். துணி பிழிஞ்ச வலின்னா கட்டைவிரல் அடியில சுரீர்னு இழுக்கும். வாதம்னா காலைல மூட்டு மடங்காது. இவளுக்குச் சுண்டுவிரல விட்டுட்டு மத்ததெல்லாம் மரத்துப்போவுது. மணிக்கட்டுல நரம்பு நசுங்குது.”

சுண்டுவிரல் கட்சி மாறியது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சித்தியின் காதில் ஏதோ கேட்டார். சித்தி தலைகுனிந்தாள்.

“முழுகாம இருக்காம்மா. ஒடம்புல நீர் கோத்துக்கினா இப்பிடி ஆவும். சில பேருக்கு வயிறு சொல்றதுக்கு முன்னாடியே கை சொல்லிடும்.”

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?” அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

“போன தரம் சொன்ன கையோட கலைஞ்சுபோச்சேக்கா. அதான் பயம்.”

என்ன கலைந்தது, கோலமா? அது போகட்டும். முழுகவில்லையா? காலையில்தான் சித்தி தலைக்கு ஊற்றிக்கொண்டாள்; ஈரக் கூந்தலை நானே பார்த்தேன். இத்தனை பெரியவர்களை ஒரே பொய்யில் ஏமாற்றுகிறாளே!

மறுநாள் குளிக்கிற இடத்துத் தட்டியருகே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் ஓடினேன்.

“அம்மா, பொய்யி! சித்தி நல்லா முழுகினுதான் இருக்காங்க!”

அம்மா மாவுக்கையாலேயே என் வாயைப் பொத்தினாள். சித்தி ஆட்ட வேண்டிய மாவை அவள்தான் ஆட்டிக்கொண்டிருந்தாள். திட்டவில்லை; சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோகிற கையை வைத்துக்கொண்டே சித்தி அம்மாவைக் கைக்குள் போட்டுக்கொண்டாள்.