மூடியின் மேல் ஒன்றும் வேண்டாம்

எங்கள் ஓனருக்கு வெறுமையாக ஓர் இடத்தைக் கண்டால் பொறுக்காது. வேலம்பாளையம் பக்கத்தில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் நான், மாதிரி உடைகளைத் தயாரித்துக் காட்டும் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தபோது, அவருடைய மேசைக்குள்ளேயே மீன் தொட்டி இருந்தது. மேலே கண்ணாடி, கண்ணாடி மேல் ஃபைல்கள், அடியில் மீன்கள். கையெழுத்து வாங்கக் குனிந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வந்து நம்மை எட்டிப் பார்க்கும். சுவரில் விளக்கு எரியும் அருவி. கைபேசிக்குத் தங்க நிற உறை. நான் ஒரு டி-ஷர்ட் சாம்பிளைக் கொண்டுபோய் நீட்டினால் இரண்டு தோளையும் விரலால் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். "நல்லாத்தானுங்க இருக்குது அம்மணி. ஏதாச்சும் ஒண்ணு போடுங்க" என்பார்.

ஏதாச்சும் ஒண்ணு என்றால் நெஞ்சில் கிளிட்டர் பிரிண்ட். இல்லையென்றால் தகதகவென்று ஒரு பட்டாம்பூச்சி. ஏன் என்று கேட்டால், வாங்குகிறவருக்குக் காசு கொடுத்த மாதிரி தெரிய வேண்டாமா என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். கோயம்புத்தூரில் மூன்று வருடம் டிசைன் படித்துவிட்டு வந்தவள் நான். ரசனை என்பதை எனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்ற நினைப்பு அப்போது இருந்தது. மெலிதான கழுத்துப் பட்டை, நேரான தையல், நல்ல நூல், அவ்வளவு போதும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். என் சாம்பிள்கள் எல்லாம் கடைசியில் பட்டாம்பூச்சியோடுதான் கப்பல் ஏறின.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். மொத்தமாக வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் நேரிலேயே வருவதாக இருந்தது. அவருக்காகப் பன்னிரண்டு டி-ஷர்ட்கள் வரைந்து தைத்து வைத்திருந்தேன். ஒன்றிலும் பிரிண்ட் கிடையாது. இதை இப்படியே காட்ட வேண்டும் என்று ஓனரிடம் ஒரு வாரமாக மன்றாடிக்கொண்டிருந்தேன். அவருக்கோ வேறு கவலை. அவருடைய லேப்டாப் கறுப்பாக, தடிமனாக, மூடியின் கீல் உடைந்து பேக்கிங் டேப்பில் நின்றுகொண்டிருந்தது. பையர் முன்னால் அதைத் திறந்தால் மானம் போய்விடும் என்று புதிதாக ஒன்று வாங்க நினைத்தார். தேர்ந்தெடுக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள் என்றேன்.

"சரிங்க. நீங்களே எடுத்துட்டு வாங்க. அதைப் பாத்து எனக்குப் புடிச்சுப் போச்சுன்னா, அந்தப் பன்னண்டும் நீங்க சொன்னபடியே போகட்டும். புடிக்கலீன்னா கிளிட்டருக்கு அனுப்பிருவேன், அப்பறம் கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் ஒரு கல்யாணம். அதை முடித்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் அப்படியே கோயம்புத்தூர் போனோம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, இரண்டு கையிலும் கல் வைத்த வளையல்கள். இந்தக் கோலத்தில் கடைக்குள் போய், "ரொம்ப சிம்பிளா, எந்த அலங்காரமும் இல்லாம ஒரு லேப்டாப் காட்டுங்க" என்று கேட்டேன். விற்பனையாளர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, மூடியில் ரோஜாப் பூ அச்சடித்த ஒன்றை எடுத்து வைத்தார். அடுத்தது ரத்தச் சிவப்பு, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலப் பளபளத்தது. அடுத்ததைத் திறந்தால் நீல விளக்குகள் வரிசையாக எரிந்தன. எங்கள் ஓனர் வந்திருந்தால் கையோடு தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

நான் எடுத்தது ஓரத்தில் தனியாகக் கிடந்தது. கரும் சாம்பல் நிறம். உலோக மூடி, மினுக்கம் இல்லை, விரல் வைத்தால் ஜில்லென்று இருந்தது. விளிம்பு மெல்ல மடிந்து கீழே இறங்கியது. திருகாணி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. கம்பெனி பெயரைக்கூட அதே சாம்பலில் மூலையில் சின்னதாகப் பதித்திருந்தார்கள், சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். கழுத்துக்கு உள்ளே மடித்துத் தைத்துத் தையலே தெரியாமல் முடித்த ஒரு நல்ல சட்டையைத்தான் அது எனக்கு ஞாபகப்படுத்தியது. "இருக்கறதுலயே வெல ஜாஸ்தி இதுதானா? ஒண்ணுமே இல்லையே இதுல" என்றார் வீட்டுக்காரர். அதுதான் அழகு என்றேன். இதே விளக்கத்தைப் புடவைக் கடையிலும் ஒரு தடவை சொல்லிப் பாரேன் என்று முணுமுணுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் காபிகூடப் போடாமல் பெட்டியைப் பிரித்தேன். மேசை மேல் வைத்து அப்படியும் இப்படியும் நின்று பார்த்தேன். மூடியில் கொஞ்சம் தூசி. முந்தானையால் துடைத்தேன். துடைத்த கையில் கல் வைத்த வளையல் இருந்தது. சர்ரென்று ஒரு சத்தம். கட்டை விரல் நீளத்துக்கு, கீலுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு கீறல். வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "இப்பத்தான் இதுல ஏதோ ஒண்ணு இருக்குது" என்றார். அன்று அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஓனர் வருவதற்கு முன்பே போய், லேப்டாப்பை அவர் மேசையில் திறந்து வைத்துவிட்டேன். திறந்திருந்தால் மூடியின் வெளிப்பக்கம் அவருக்குத் தெரியாது. வந்தவர் சுற்றி வந்து பார்க்கத்தான் செய்தார். நல்ல வேளையாக அவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று அதை டிராயரிலேயே வைத்திருப்பார்.

"மொட்டையா இருக்குதுங்களே அம்மணி" என்றார்.

நான் ஆரம்பித்தேன். விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். திருகாணியைத் தேடச் சொன்னேன். மேலே எதையும் ஒட்டாமல் விடுவதற்குத் தைரியம் வேண்டும், பொருள் மேல் நம்பிக்கை இருக்கிறவன்தான் சும்மா விடுவான் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். கீறலை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாளில் மனிதர் அடியோடு மாறிவிட்டார். நூல் ஏஜெண்ட் வந்தால், "இதுல ஸ்க்ரூ எங்க இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று பந்தயம் கட்டினார். கைபேசியின் தங்க உறை காணாமல் போனது. புதன்கிழமை என் எதிரிலேயே பிரிண்டிங் யூனிட்டுக்குப் போன் செய்து, "அந்தப் பன்னண்டு பீஸுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. எங்க அம்மணி ப்ளெயினா வெச்சிருக்குது, அப்படியே போகட்டும்" என்றார். இத்தனை வருடம் நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டபோது சந்தோஷத்தோடு சேர்ந்து நெஞ்சில் ஏதோ குத்தியது.

நானோ அந்த லேப்டாப்புக்கு ஆயாவாகிவிட்டேன். திறப்பது நான், மூடுவது நான். சாம்பிள் ரூமில் மிச்சமான கம்பளி மாதிரித் துணியில் ஓர் உறை தைத்து, மூடிய கையோடு அதற்குள் தள்ளிவிடுவேன். லேப்டாப்புக்கும் பனியன் போட்டாச்சா என்று ஆபீசில் கேலி செய்தார்கள். பையர் வரும்போது என்ன செய்வது என்பதை மட்டும் நினைக்காமல் இருந்தேன். பையர் எதிரில்தான் உட்காருவார். எதிரில் உட்காருகிறவருக்குத் தெரிவது மூடியின் வெளிப்பக்கம்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் அக்கா என் பன்னிரண்டு சாம்பிள்களையும் கொண்டுவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தைத்து வருகிற துணியில் எங்கே கறை, எங்கே ஓட்டை என்று பார்த்துச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் அவருக்குக் காலை முதல் மாலை வரை வேலை. உறை போடாத லேப்டாப் என் மேசையில் இருந்தது. என்னோடு பேசிக்கொண்டே அவர் உள்ளங்கை அதன் மேல் போனது. நின்றது. வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஆள்காட்டி விரலில் ஒட்டிவைத்திருந்த அம்பை எடுத்துக் கீறலுக்கு நேராக ஒட்டினார்.

"இங்ஙன ஒரு கோடு கெடக்கு பாருங்க மேடம்."

"அக்கா, இது துணி இல்லக்கா."

"தெரியுது மேடம். கண்ணுல பட்டுட்டு, கை தன்னால ஒட்டிட்டு" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதுக்கா முகம் வாடுதீங்க? பிள்ளைங்க உடுப்புல ஓட்டை விழுந்தா அதுக்கு மேல ஒரு பூவ வச்சு தைப்போம்லா. அதே மாதிரி எதையாவது ஒட்டி மறைச்சிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் போனதும் அம்பைப் பிய்த்து எறிந்தேன். யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல வழி தோன்றவில்லை. நேராக ஓனர் அறைக்குப் போனேன். பையர் வருகிற சமயம், மூடியில் நம் கம்பெனி லோகோ ஒன்று, சின்னதாக, வெள்ளி நிறத்தில், கீலுக்குப் பக்கத்தில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றேன்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "ஏனுங்க அம்மணி, நீங்களா இதச் சொல்றீங்க? சும்மா விடறதுக்குத் தைரியம் வேணும்னு சொன்னீங்களே. நான் அதத்தானுங்க நாலு பேர்த்துகிட்ட சொல்லிட்டு இருக்கறேன். வேண்டாமுங்க. ஒரு புள்ளிகூட வெக்க வேண்டாம்."

வாதாடிப் பார்த்தேன். என் வாதம் ஒவ்வொன்றுக்கும் என்னுடைய பழைய வாக்கியத்தையே எடுத்துப் பதில் கொடுத்தார். ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சொன்னதை இத்தனை கவனமாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான், அவரிடம்தான் நான் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது. லேப்டாப்பை எடுத்து வந்து மூடிய நிலையில் அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல கீறல் விழுந்திருச்சுங்க. வாங்கின அன்னைக்கே. என் வளையல் பட்டு."

டிராயரைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கட்டை விரலால் கீறலைத் தடவினார்.

"இத மறைக்கறதுக்குத்தானுங்களா லோகோ?"

"ஆமாங்க."

"அம்மணி, இத்தனை வருசமா பட்டாம்பூச்சி போட்டு நாங்க வேற என்னங்க பண்ணிட்டு இருந்தோம்? அதைத்தானுங்க நீங்க தப்புன்னீங்க."

கண்ணாடியைக் கழற்றாமலே, "அந்தப் பன்னண்டையும் எடுத்துட்டு வாங்க" என்றார். கிளிட்டருக்குத்தான் அனுப்பப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே கொண்டுவந்தேன். அவர் ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே திருப்பி, மேசைக் கண்ணாடி மேல் விரித்தார். கீழே மீன்கள் ஓட, மேலே அவர் விரல் தையலின் மேல் ஓடியது. இளவயதில் பவர் டேபிளில் உட்கார்ந்து தையல் மிஷின் மிதித்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் அதைப் பார்த்தேன். ஒன்றில் கழுத்துப் பட்டை நிறம் ஒரு துளி வெளிறியிருந்தது. ஒன்றில் தோளில் தையல் ஒரு கண்ணி தாவியிருந்தது. இன்னொன்றில் ஊசி ஓட்டை, கடுகில் பாதி. நான் பார்க்காதவை. செக்கிங் அக்காவின் கண்ணுக்கே தப்பியவை.

"மேல ஒண்ணும் போடறதில்லீன்னா, அடியில ஒண்ணும் இருக்கப்படாதுங்க" என்று அந்த மூன்றையும் தனியே தள்ளினார். "திங்கக்கெழமைக்குள்ள திருப்பித் தெச்சுக் குடுங்க. பன்னண்டும் ப்ளெயினாவே போகும். லேப்டாப்பும் அப்படியே இருக்கட்டும்."

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் டெய்லர் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த மூன்றையும் தைத்து வாங்கினேன். ரசனையைப் பற்றி இரண்டு நாளும் யாரிடமும் பேசவில்லை.

திங்கட்கிழமை பையர் வந்தார். உயரமான, அமைதியான மனிதர். ஓனர் லேப்டாப்பைத் திறக்க, மூடி எதிரில் இருந்தவரைப் பார்த்து நின்றது. பையர் குனிந்து, நல்ல டிசைன் என்று பாராட்டினார். பிறகு அவர் கண் கீல் பக்கம் போனது. அங்கே விரலை வைத்து, இது என்ன ஆனது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

ஓனர் துளியும் தயங்காமல் கையை என் பக்கம் நீட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மேடம் டிசைன், சார்" என்றார்.

பையர் சிரித்துவிட்டார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஓனர் பன்னிரண்டு டி-ஷர்ட்களையும் மொத்தமாக அவர் பக்கம் நகர்த்தினார். பட்டாம்பூச்சியை எல்லாம் இத்தனை வருடமும் கம்பெனி டிசைன் என்றுதான் சொல்லி விற்றார். இதை அப்படிச் சொல்லவில்லை.

"திஸ் ஆல்சோ மேடம் டிசைன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்குக் கையில் ஒரு ஃபைல்கூட இல்லை. பையர் முதல் டி-ஷர்ட்டை எடுத்து, உள்பக்கம் வெளியே திருப்பி, தையலைப் பார்க்க ஆரம்பித்தார்.