இடக்கை தூக்கிய எலும்புக்கூடு

டிரெஸ்டன் நகரத்தில் வைக்கோல் தொப்பி தைத்துப் பிழைத்த எர்னஸ்டினாவை ஒரு தெருவே காறித் துப்பியது. துப்பியவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் ஜன்னலில் ஒட்டியிருந்த படம் அப்படி.

அவள் புருஷன் லெபரெக்ட் தறிக்காரன். ஒல்லியென்றால் அப்படியொரு ஒல்லி. வேலையில்லாத குளிர்காலத்தில் ஓர் ஓவியன் அவனை நிற்கவைத்து வரைந்தான்.

"சாவைப் படம் போடறானாம்டி! எலும்புக்கு ஆள் வேணும்னா என்னை விட்டா எவன் இருக்கான்?" என்று சிரித்துக்கொண்டே, கூலியாகக் கிடைத்த ரொட்டியை அவள் மடியில் வைத்தான். எதற்கு அந்தப் படம் என்று அவன் கேட்கவில்லை. பசித்தவன் கேட்பானா?

மே மாதம் ராஜாவுக்கு எதிராக ஊர் எழுந்தது. தெருவில் தடுப்புப் போட்டு நின்றவர்களில் லெபரெக்டும் உண்டு, பக்கத்து வீட்டு ரோசினாவின் புருஷனும் உண்டு. பட்டாளம் இருவரையும் சுட்டு, ஒரே குழியில் தள்ளி மூடியது. முகம் பார்க்கக்கூட விடவில்லை, பாவிகள்.

கோடையில் படம் அச்சாகி வந்தது. தடுப்பின்மேல் எலும்புக்கூடாகச் சாவு நின்று, கையைத் தூக்கி ஏழைகளைக் கூப்பிடுகிறது. கீழே பிணங்கள். கலகம் செய்தால் இதுதான் கதி என்று பெரிய மனிதர்கள் வீடுவீடாக இனாமாகக் கொடுத்தார்கள். எர்னஸ்டினா பதறிப்போய் அதில் புருஷனைத் தேடினாள். அவன் இடக்கைக்காரன், இதுவோ வலக்கையைத் தூக்கியிருந்தது. நல்லவேளை, வேறு எவனோ! குண்டு பட்டு உடைந்த ஜன்னலில் அந்தத் தாளை ஒட்டி அடைத்தாள். பார்க்கப் பிடிக்காமல் படத்தைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டாள்.

மறுநாள் காலை வெயில் தாளை ஊடுருவியது. வீட்டுக்குள்ளிருந்து, தாளின் பின்பக்கமாகப் பார்த்தால் இடம் வலமாகத் திரும்பியிருந்தது படம். இடக்கை உயர்ந்திருந்தது. ஒருபக்கம் சரிந்த தோள், கோணல் சுண்டுவிரல். மரக்கட்டையில் வரைந்து செதுக்கியதை அச்சடித்தால் தாளில் இடம் வலம் மாறி விழும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"அட என் சாமி, நீயா!" என்று அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவனுக்கு வேறு படம் ஏது?

தெரு சும்மா இருக்குமா?

"ஏண்டி, நம்ம ஆம்பளைங்களைக் கேவலப்படுத்தின படத்தைக் கடைவிரிச்சு வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?" என்று தெருவில் நின்று மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள் ரோசினா.

"உள்ள வந்து ஒரு தடவை பாருக்கா."

"உன் வாசப்படியை மிதிக்கறதுக்கு நான் சாகலாம். தூ!"

அதோடு விடவில்லை, கல்லை எடுத்து வீசினாள். தாள் கிழிந்து விலா எலும்பு இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. புருஷனை இரண்டாவது தடவை சுட்டது போல எர்னஸ்டினா அலறினாள். மிச்சத்தையும் கிழிக்கத் தடதடவென்று மாடியேறி வந்த ரோசினா, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த இடக்கையைப் பார்த்து நின்றுவிட்டாள். அந்தக் கைதானே தினமும் காலையில் தெருவிலிருந்து அவள் புருஷனை வேலைக்குக் கூப்பிட்டது!

"லெபரெக்டு..." என்றாள்.

பிறகு ஜன்னலருகே போய்க் குனிந்து, படத்தில் கீழே கிடந்த பிணங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எர்னஸ்டினா, இதுல என் ஆளு எங்கடி?"

அவன் அதில் இல்லை என்று சொல்ல எர்னஸ்டினாவுக்கு வாய் வரவில்லை.